எண் எழுதாத துப்பாக்கி

என் வீட்டுப் பின்கதவை எவனோ உடைத்தபோது நான் தீயணைப்பு நிலையத்து மண்டபத்தில் நின்று, துப்பாக்கி இருக்கும் வீட்டில் திருடன் கால் வைக்க மாட்டான் என்று பேசிக்கொண்டிருந்தேன். இதை நானே சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் சிரித்துச் சிரித்துச் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது.

அக்டோபர் இரண்டாம் சனிக்கிழமை. எங்கள் கவுண்டியில் குடியரசுக் கட்சிக்காரர்கள் வருஷா வருஷம் அன்றைக்கு மீன் வறுத்து விருந்து வைப்பார்கள். 'பேச்சாளர்: டெல்பர்ட் ஸ்லோன், மாலை ஆறு மணி' என்று வாரப் பத்திரிகையில் முன்கூட்டியே போட்டிருந்தார்கள். என் வாசலிலோ ஒரு தகரப் பலகை. கைத்துப்பாக்கிப் படம், அதன் கீழே 'இந்த வீட்டில் போலீசுக்கு போன் போட மாட்டோம்' என்ற எழுத்து. அதைப் பார்த்துப் பயந்துவிடுவார்கள் என்று நினைத்திருந்தேன். வந்தவன் பத்திரிகையையும் படித்திருக்கிறான், பலகையையும் படித்திருக்கிறான். இந்த வீட்டில் துப்பாக்கி உண்டு, கிழவன் ஆறு மணிக்கு இருக்க மாட்டான். வேறென்ன வேண்டும் அவனுக்கு?

திரும்பி வந்து பார்த்தேன். கண்ணாடி அலமாரி காலி. ஆறு துப்பாக்கியும் போயிருந்தன. பலகையில் எழுதியிருந்ததை விட்டுவிட்டுப் போலீசுக்கு போன் போட்டேன்.

ஐந்தைப் பற்றி எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. ஆறாவது இமோஜீனுடையது. என் மனைவி. கீழே இருக்கும் இரும்பு வளையத்தை நெம்பிக் குண்டு ஏற்றும் பழைய மாதிரித் துப்பாக்கி. பதினாறு வயதில் அவள் அப்பா வாங்கிக் கொடுத்தது. அதை வைத்து முப்பத்தொரு மான் அடித்திருக்கிறாள். ஒவ்வொரு மானுக்கும், தோளில் பதிக்கும் மரக்கட்டையில் பேனாக்கத்தியால் ஒரு கோடு. கடைசிக் கோடு கொஞ்சம் கோணல். அப்போதே கை நடுங்க ஆரம்பித்திருந்தது. அவள் போய் இரண்டு வருஷம் எட்டு மாதம் ஆகிறது. உடுப்புகளை அவள் தங்கை வந்து அள்ளிக்கொண்டு போனாள். மூக்குக்கண்ணாடியை ஆஸ்பத்திரியில் தொலைத்துவிட்டார்கள். வீட்டில் அவள் கை பட்டுத் தேய்ந்த பொருள் என்று எனக்கு இருந்தது அந்தத் துப்பாக்கிதான்.

நவம்பரில் ஒரு வியாழக்கிழமை, கவுண்டிப் போலீசுக்குத் தலைவரான ஷெரீஃப் ராட்லிஃப் கூப்பிட்டு அனுப்பினார். இவர் நாங்கள் ஜெயிக்க வைத்த ஷெரீஃப். இவருக்காக நான் எட்டு ஓடைப்பக்கக் குடியிருப்புகளிலும் வீடு வீடாக ஏறி இறங்கியிருக்கிறேன். மேஜை மேல் ஒரு துப்பாக்கி கிடந்தது. கருப்பு பிளாஸ்டிக் கட்டை போட்டிருந்தது.

"பாருங்க டெல்பர்ட். உங்களுதா?"

மரக்கட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு நாற்பது டாலர் பிளாஸ்டிக்கை மாட்டியிருந்தான் அந்தப் பாவி. பெயரைச் சொல்லப் போவதில்லை. மாத்திரைக்கு அடிமையானவன், அடுத்த ஓடைப்பக்கத்துக்காரன், அவன் அம்மா இன்னும் உயிரோடு இருக்கிறாள். முப்பத்தொரு கோடும் எந்தக் குப்பையில் கிடக்கிறதோ. ஆனால் நெம்பு வளையத்தில் விரல் நுழையும் இடத்தைப் பார்த்தேன். கருநிறம் போய் வெள்ளி மாதிரி தேய்ந்திருந்தது. சின்ன விரல் தேய்த்த தேய்ப்பு. என் விரல் அதில் பாதிதான் போகும்.

"இமோஜீனோடது" என்றேன்.

"சந்தோஷம். நம்பர் சொல்லுங்க."

"என்ன நம்பர்?"

"துப்பாக்கி நம்பர். அடியில குத்தியிருக்கும்ல, அது. நான் பாத்து வெச்சிருக்கேன். நீங்க சொல்றது ஒத்துப்போனா இப்பவே தூக்கிட்டுப் போங்க."

நான் அந்தப் பிளாஸ்டிக் கட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எங்கயாச்சும் எழுதி வெச்சிருப்பீங்களே?"

"நான் எதையும் எழுதி வைக்கிறவன் இல்லன்னு உனக்குத் தெரியாதா?"

ராட்லிஃப் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "அந்தப் பய சந்தையில வாங்கினேங்கிறான். வக்கீல் வெச்சிருக்கான். அவன் கார்ல இருந்து இத எடுத்து இருபத்தஞ்சு நாள் ஆச்சு. இந்தக் கருப்பு பிளாஸ்டிக்கப் பாத்துட்டு யாருக்கும் உங்க ஞாபகம் வரல. செவ்வாய்க்கிழமையோட முப்பது நாள்."

"அதுக்கென்ன?"

"அதுக்கென்னவா? ஆதாரம் இல்லாம ஒரு மனுசனோட துப்பாக்கிய முப்பது நாளுக்கு மேல ஆபீஸ்ல வெச்சிருக்கக் கூடாதுன்னு கவுண்டிக் கூட்டத்துல தீர்மானம் போட்டீங்களே. நீங்கதான எந்திரிச்சு முன்மொழிஞ்சீங்க? கையெழுத்துக்கூட உங்களுதுதான் மொதல்ல இருக்கு."

"அது நல்லவங்களுக்காகப் போட்டது."

"அப்படின்னு அதுல எழுதல, டெல்பர்ட்."

நான் எட்டாம் வகுப்போடு சுரங்கத்துக்குப் போனவன். ஆனால் துப்பாக்கிப் பட்டியலை நம்பாமல் இருக்கப் படிப்பு தேவையில்லை. என் தாத்தா காலத்தில் நிலக்கரிக் கம்பெனியின் கடையில்தான் எல்லாரும் துப்பாக்கி வாங்கினார்கள். வேலைநிறுத்தம் வந்ததும் கம்பெனியின் ஆட்கள் கடை நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாக வந்தார்கள். எந்த வீட்டில் எத்தனை என்று தேட வேண்டிய வேலையே இல்லை. தாத்தா வீட்டில் இரண்டு, இரண்டையும் எடுத்துக்கொண்டு போனார்கள். அடுத்த வாரம் அவரை அடித்துப் போட்டபோது கையில் ஒன்றுமில்லை. இதை என் அப்பா எனக்குச் சொன்னார், நான் ஊருக்கே சொன்னேன். இன்றைக்கும் அதில் ஒரு வார்த்தையை மாற்றிக்கொள்ளத் தயாராக இல்லை.

மூன்று வருஷம் முன்பு, திருட்டு அதிகமாகிவிட்டது என்று பழைய ஷெரீஃப் ஒரு திட்டம் கொண்டுவந்தார். அவர் ஜனநாயகக் கட்சி. மஞ்சள் அட்டை ஒன்று தருவார்கள். துப்பாக்கி எண்ணை நாமே எழுதிக் கொடுத்தால் பெட்டியில் பூட்டி வைப்பார்கள், தொலைந்தால் தேட உதவும். இஷ்டமிருந்தால் கொடுக்கலாம், இல்லாவிட்டால் விட்டுவிடலாம். அட்டைகளை வாங்கி வைக்கும் வேலையைச் சம்பளமில்லாமல் செய்ய ஒத்துக்கொண்டவன் ராய்ஸ் டாக்கெட்.

ராய்ஸ் ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கிறான். சுரங்கத்தில் பத்தொன்பது வருஷம் நானும் அவனும் ஒரே ஷிஃப்ட். கூரை இடிந்தபோது என் காலை மண்ணிலிருந்து தோண்டி எடுத்தவன் அவன்தான். அவன் கட்சி எனக்கு எப்போதும் தெரியும். அதுவரை அதைப் பற்றிக் கிண்டல் பண்ணுவதோடு சரி.

பள்ளிக்கூட உள்விளையாட்டரங்கில் கூட்டம் போட்டார்கள். நான் எழுந்து நின்றேன்.

"இன்னிக்கு அந்தப் பெட்டி உன் கையில இருக்கு ராய்ஸ். நாளைக்கு எவன் கையில இருக்கும்?"

"உன் லாரி நம்பர்கூடத்தான் கவர்மெண்டுகிட்ட இருக்கு, டெல்பர்ட்."

"என் லாரியப் பாத்திருக்கியா? அதப் பிடுங்கிட்டுப் போறவன் மறுநாளே திருப்பிக் கொண்டாந்து விட்டுருவான்."

அரங்கமே சிரித்தது. அந்தச் சிரிப்போடு திட்டம் முடிந்த மாதிரிதான், அப்புறம் அட்டை கொடுத்தவர்கள் கொஞ்சம் பேர். நவம்பர் தேர்தலில் பழைய ஷெரீஃபும் முடிந்தார். அன்றைக்கு இமோஜீன் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எல்லாரும் கைதட்டினார்கள். அவளும் தட்டினாள் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். இப்போது யோசித்துப் பார்த்தால் அவள் இரண்டு கையும் மடியில் கைப்பையின் மேல் இருந்தது.

தேர்தலுக்கு முந்தின வாரம் ராய்ஸ் வாசலில் நட்டிருந்த பழைய ஷெரீஃபின் விளம்பர அட்டை மேல் என் லாரியை ஏற்றினேன். தெரியாமல் ஏற்றவில்லை. அவன் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். ஜனவரியில் ராட்லிஃப் பதவிக்கு வந்ததும் மஞ்சள் அட்டைகளைத் திருப்பிக் கொடுக்க உத்தரவு போட்டார். ராய்ஸ் ஒவ்வொரு வீடாகப் போய்க் கொடுத்தான். வாங்கியவர்கள் தீயணைப்பு நிலையத்துக்குக் கொண்டுவந்து பீப்பாயில் போட்டுக் கொளுத்தினார்கள். நான் நெருப்பைக் கிளறிவிட்டேன். பிப்ரவரியில் இமோஜீன் போய்விட்டாள். அடக்கத்துக்கு ராய்ஸ் வந்து கடைசி வரிசையில் நின்றான். கை நீட்டினான். நான் அடுத்தவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் பேச்சு இல்லை. ராய்ஸோடு மட்டுமில்லை, யாரோடும்தான். மீன் விருந்தில் முதுகில் தட்டுவார்கள். மறுநாளிலிருந்து பீன்ஸ் வேகவைத்து சோள ரொட்டியைப் பிய்த்துப் போட்டு நின்றுகொண்டே தின்பேன். உட்கார்ந்தால் எதிரே அவள் நாற்காலியைப் பார்க்க வேண்டும்.

ஷெரீஃப் அறையிலிருந்து வெளியே வந்தேன். முன்மேஜையில் லுடீமா. பழைய ஷெரீஃப், புது ஷெரீஃப், அதற்கு முந்தின மூன்று ஷெரீஃப் எல்லாருக்கும் போன் எடுத்தவள். என்னோடு பள்ளிக்கூடம் போனவள்.

"மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. நம்பர் இல்லையாக்கும்?"

"இல்ல."

"ஊருக்கெல்லாம் எழுதாதேன்னு சொன்ன வாய். அனுபவி." போனை எடுத்து யாருக்கோ பதில் சொல்லிவிட்டு வைத்தாள். "ராய்ஸ் அட்டையெல்லாம் திருப்பிக் குடுத்தான்ல? ஒண்ணு மட்டும் பாக்கி. என்ன பண்றதுன்னு எங்கிட்டதான் வந்து கேட்டான்."

"நான் அட்டை குடுக்கவே இல்ல."

"நீ குடுத்தேன்னு நான் சொன்னேனா? போய் அவன்கிட்ட கேளு."

"அவன் வீட்டுக்கு நான் போறதா?"

"போகாத. செவ்வாய்க்கிழமை அந்தப் பய துப்பாக்கியத் தூக்கிட்டுப் போறப்ப நான் கையாட்டி வழியனுப்பறேன்."

வெள்ளிக்கிழமை முழுக்க நான் போகவில்லை. சனிக்கிழமை லாரியைக் கிளப்பிவிட்டு அணைத்துவிட்டேன். மான் சீசன். மலைப்பக்கம் வெடிச்சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாலத்தைத் தாண்டி நடந்தே போனேன். லாரியில் போனால் பழசு ஞாபகம் வரும்.

ராய்ஸ் விறகு பிளந்துகொண்டிருந்தான். மெலிந்துபோயிருந்தான். என்னைப் பார்த்துவிட்டு இன்னும் ஒரு கட்டையைப் பிளந்தான்.

"இப்ப அட்டை எதுவும் நடலையே. ஏத்தணும்னா அடுத்த எலெக்‌ஷன் வரைக்கும் பொறுத்திரு."

"நடந்துதான் வந்தேன்."

"ஆமா, தெரியுது. இந்த வேகத்துக்கு உன்னால எறும்பு மேலதான் ஏத்த முடியும்."

நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். கருப்பு பிளாஸ்டிக், முப்பது நாள் எல்லாம். தீர்மானத்தைச் சொல்லும்போது அவன் சிரிப்பான் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. கோடரியைக் கட்டையில் ஊன்றிவிட்டு உள்ளே போனான். மீன்பிடிச் சாமான் வைக்கும் தகரப் பெட்டியோடு வந்தான். அடித்தட்டைத் தூக்கினான். தூண்டில் உறைகளுக்குக் கீழே, பிளாஸ்டிக் பையில் ஒரு மஞ்சள் அட்டை.

இமோஜீனின் கையெழுத்து. சாய்வே இல்லாமல், வேலிக்கம்பு மாதிரி நிற்கும் எழுத்து. எண் ஏழு இலக்கம். அதை நான் முதல் தடவையாகப் படித்தேன். நாற்பத்தெட்டு வருஷத்துக்கு மேல் என் வீட்டில் இருந்த துப்பாக்கி.

"எப்ப?" என்றேன்.

"அந்தக் கூட்டம் முடிஞ்ச மறுவாரம். நீ அணில் வேட்டைக்குப் போயிருந்த. போர்வையில சுத்தித் தூக்கிட்டு வந்தா. நம்பர் எங்க இருக்குன்னே அவளுக்குத் தெரியல. நான் பூதக்கண்ணாடி வெச்சுப் படிச்சேன், அவ எழுதினா."

"எங்கிட்ட கேட்டிருக்கலாம்."

"கேட்டிருந்தா?"

நான் அட்டையைச் சட்டைப்பையில் வைத்தேன்.

"நானும் சொன்னேன், டெல்பர்ட்டுக்குத் தெரிஞ்சா எம்மேல பாய்வான்னு. அதுக்கு அவ சொன்னா, 'இது தொலஞ்சா அந்த மனுசன் தாங்க மாட்டாரு. நம்பரும் எழுத மாட்டாரு. அதான் நான் எழுதறேன். அவருகிட்ட சொல்லாதீங்க ராய்ஸ்' அப்படின்னா. ஜனவரியில திருப்பிக் குடுக்க வந்தப்ப நீ பீப்பாய்கிட்ட இருந்த. அவ படுத்திருந்தா. 'நீங்களே வெச்சிருங்க, இங்க வந்தா இதையும் கொளுத்திருவாரு'ன்னா. அப்புறம் அவ இல்ல. யாருகிட்ட குடுக்கறது?"

"அடக்கத்தன்னிக்கு சொல்லியிருக்கலாமே."

"அன்னிக்கு நான் கை நீட்டினேன்."

கீழே தெறித்திருந்த விறகுத்துண்டு ஒன்றை எடுத்து அடுக்கில் வைத்தேன். பிறகு, கேட்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே கேட்டேன்.

"அந்தத் தடவை அவ யாருக்கு ஓட்டுப் போட்டா?"

"அத நான் கேக்கல. நீ கேட்டியா?"

நான் கேட்டதில்லை. நாற்பத்தாறு வருஷத்தில் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அன்றைக்கும் ஒரே லாரியில்தான் வாக்குச்சாவடிக்குப் போனோம். வெளியே வந்து 'ஆச்சா?' என்றேன். 'ஆச்சு' என்றாள். பிறகு சாலையோரக் கடையில் பிஸ்கட்டும் கிரேவியும் சாப்பிட்டோம். ராட்லிஃப் ஜெயிப்பார் என்று நான் பேசிக்கொண்டே சாப்பிட்டேன். அவள் என் தட்டில் மிளகுத்தூள் போட்டுக்கொடுத்தாள்.

"காப்பி இருக்கு" என்றான் ராய்ஸ்.

"வேண்டாம். நேரமாச்சு."

எனக்கு என்ன நேரம்? வீட்டில் யாரும் காத்திருக்கவில்லை. அவனுக்கும் அது தெரியும். கோடரியை எடுத்துக்கொண்டான்.

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு ஷெரீஃப் ஆபீஸ் வாசலில் நின்றேன். ராட்லிஃப் அட்டையையும் துப்பாக்கியையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு இலக்கமாக விரல் வைத்துப் பார்த்தார். ஒத்துப்போனது. அந்தப் பயலின் வக்கீலுக்குப் போன் போட்டார், அந்தப் பக்கம் ஏதோ கத்தினார்கள், இவர் வைத்துவிட்டார். லுடீமா அட்டையைப் படமெடுத்துக்கொண்டு திருப்பித் தந்தாள். பிறகு ஒரு தாளை நீட்டினாள். அதில் என் பேர், விலாசம், அந்த ஏழு இலக்கம்.

"இது பட்டியலா?" என்றேன்.

"ரசீது" என்றார் ராட்லிஃப்.

"இத எங்க வெப்பீங்க?"

"யோவ், கையெழுத்தப் போடு. பின்னால ஆள் நிக்குது" என்றாள் லுடீமா.

போட்டேன். தாத்தாவை நினைத்துக்கொண்டுதான் போட்டேன். பேனா எழுதவில்லை, இரண்டு தடவை இழுக்க வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்து அலமாரியில் வைக்கப் பார்த்தேன். அடிக்கட்டை உட்காருவதற்கு அவள் துப்பாக்கியின் அளவுக்கே பலகையில் பள்ளம் வெட்டியிருந்தேன். பிளாஸ்டிக் தடிமன். பள்ளத்துக்குள் இறங்கவில்லை. மற்ற ஐந்து இடமும் காலி, இது மட்டும் கோணலாகக் கண்ணாடியில் சாய்ந்து நின்றது. எடுத்து சமையலறை மேஜையில் கிடத்தினேன். எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன். நெம்பு வளையத்தில் விரலை விட்டேன். பாதிதான் போனது.

அட்டையை அப்போதுதான் முழுக்கப் படித்தேன். ராய்ஸ் வீட்டில் எண்ணோடு என் கண் நின்றுவிட்டது. கீழே அச்சில் ஒரு கேள்வி இருந்தது: 'கிடைத்தால் யாருக்குத் தெரிவிக்க வேண்டும்?' அதற்கு எதிரே அவள் ஒரு போன் எண் எழுதியிருந்தாள்.

எங்கள் வீட்டு எண் இல்லை. எங்கள் வீட்டில் மணி அடித்தால் நான்தான் எடுப்பேன், அவளை எடுக்க விட்டதில்லை. எவன் எதற்குப் பேசுகிறான் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். அதனால் அவள் ராய்ஸ் வீட்டு எண்ணை எழுதியிருந்தாள். சுரங்கத்துக்குப் போன காலத்தில் தினமும் விடிகாலையில் நான் போனில் சுற்றிய எண். அட்டையைப் பார்க்காமலே விரல் சுற்றும்.

மத்தியான வெயில் மேஜையிலிருந்து இறங்கித் தரைக்குப் போனது. பிறகு எழுந்து போய் அந்த எண்ணைச் சுற்றினேன். நாலாவது மணியில் எடுத்தான்.

"யாரு?"

"கெடச்சிருச்சு" என்றேன்.

"ம்."

அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. அட்டையில் கேட்டிருந்ததும் அவ்வளவுதான். ஆனால் அவன் வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. அவன் பின்னால் டீவி ஓடிக்கொண்டிருந்தது. நான் கண்கொண்டு பார்க்காத சேனல், எவனோ எங்கள் கட்சியைத் திட்டிக்கொண்டிருந்தான். அணைக்கச் சொல்லவில்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன்.